பிள்ளையை ஹோமியோபதிக்குக் கூட்டிப் போகும் முன்: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

“தூங்கும்போது தலை வேர்க்குமா? தலையணை நனைகிற அளவுக்கு?”

ஆமாம் என்றேன்.

“சுண்ணாம்பு, சாக்பீஸ், மண் இப்படி ஏதாவது தின்பானா?”

நான் என் கணவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ஆறு மாதமாக வீட்டில் நடக்கிற சண்டையே அதுதான். கட்டிலை ஒட்டிய சுவரை நகத்தால் சுரண்டிச் சுரண்டி, நாலு வயதுப் பையனின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. காலையில் எழுப்பும்போது கடைவாயில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். இதை அந்த ஹோமியோபதி மருத்துவரிடம் நாங்கள் சொல்லவே இல்லை. அவராகக் கேட்டார். அந்த நொடியே எனக்கு அவர் மேல் நம்பிக்கை விழுந்துவிட்டது.

ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். எதைக் கண்டு பயப்படுவான், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான், முட்டை பிடிக்குமா, அழுதால் தூக்கினால் அடங்குவானா, விட்டால் அடங்குவானா என்று எல்லாம் கேட்டார். அதுவரை நாங்கள் பார்த்த எந்த டாக்டரும் எங்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுத்ததில்லை. கடைசியில் சீனி உருண்டை டப்பா ஒன்றைக் கொடுத்து, காலையில் நாலு, இரவில் நாலு என்றார்.

மூன்று மாதம் கொடுத்தோம். சுவர்ப் பள்ளம் பெரிதானது. அடம் பிடித்து அழ ஆரம்பித்தால் மூச்சைப் பிடித்து உதடு நீலம் பாரிக்கிற அளவுக்குப் போனான். அப்புறம் ஒருநாள் அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உடனே இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தது. ஹீமோகுளோபின் 7.9. அந்த வயதில் 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. இரும்புச்சத்து சிரப் ஆரம்பித்த மூன்றாவது வாரம் சுவரை விட்டுவிட்டான். மூச்சைப் பிடிப்பதும் இரண்டு மாதத்தில் நின்றது.

சுண்ணாம்பு, மண், பச்சரிசி, ஐஸ் என்று கண்டதைத் தின்னும் ஆசை இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். அழுது மூச்சடக்குவதும் இரும்புக் குறைவுள்ள பிள்ளைகளிடம் அதிகம். அந்த மருத்துவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. கொடுத்த டப்பாதான் வேறு. அவர் கேட்ட மாதிரியே விசாரிக்க வேண்டும், ஆனால் விடையை வேறு இடத்தில் தேட வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்கான வழிதான்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

படிகளுக்குப் போகும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஹோமியோபதியை உண்டாக்கியவர் சாமுவேல் ஹானிமன் என்ற ஜெர்மன் மருத்துவர். 1790-ல் சிங்கோனா பட்டையைத் தானே தின்று பார்த்து, மலேரியாக் காய்ச்சல் போன்ற குறிகள் தனக்கு வந்ததாக எழுதினார். எந்தப் பொருள் ஆரோக்கியமானவரிடம் ஒரு குறியை உண்டாக்குகிறதோ, அதுவே அந்தக் குறி உள்ள நோயாளியைக் குணமாக்கும் என்பது அதிலிருந்து அவர் கட்டிய கொள்கை. 1810-ல் அதை நூலாகவே வெளியிட்டார். நோயாளியின் ரத்தத்தை வடித்தும் பாதரசம் கொடுத்தும் வைத்தியம் பார்த்த காலம் அது. ஒன்றும் செய்யாத உருண்டை அன்றைய வைத்தியத்தைவிட நிச்சயம் பாதுகாப்பானது.

தென்னிந்தியாவில் இது பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம் 1880-ல் மங்களூர் கங்கநாடியில் ஏசு சபைப் பாதிரியார் அகஸ்டஸ் முல்லர் ஆரம்பித்த மருந்தகம். நம் தாத்தா பாட்டிகள் தபாலில் மருந்து வரவழைத்துச் சாப்பிட்ட கதை பல வீடுகளில் உண்டு.

இப்போது ‘வீரியம்’ என்கிற விஷயம். டப்பாவில் ‘30 சி’ என்று போட்டிருந்தால், மூலப்பொருளில் ஒரு பங்கை நூறு பங்காகக் கரைத்து, அதில் ஒரு பங்கை மறுபடி நூறாக்கி, இப்படி முப்பது முறை செய்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறாவது முறையிலேயே லட்சம் கோடியில் ஒரு பங்கு. பன்னிரண்டு முறை தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பு குறைவு. மிச்சம் இருப்பது சர்க்கரை உருண்டை அல்லது லாக்டோஸ் பொடி, அதில் ஊறிக் காய்ந்த சாராயம்.

ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-ல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, எந்த ஒரு நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று அறிவித்தது. கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புள்ள பிள்ளைகளுக்காகத் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு தனியாகச் செய்த ஆய்வுத் தொகுப்பும் (2007) இதையேதான் சொன்னது.

“அப்படியானால் என் அக்கா மகனுக்கு வீசிங் சரியானது எப்படி?” என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பிள்ளைகளின் பெரும்பாலான தொந்தரவுகள் வளர வளரத் தானே குறைகிறவை. சளியோடு வரும் வீசிங், டான்சில், படுக்கையில் சிறுநீர், திக்கல், இரவில் அலறி எழுவது எல்லாம் இந்த வகைதான். நாம் டாக்டரைத் தேடிப் போவதோ தொந்தரவு உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்கு அப்புறம் இறக்கம்தானே? அந்த இறக்கம் வரும்போது கையில் எந்த டப்பா இருந்ததோ, பெயர் அதற்குப் போகிறது. ஒரு மணி நேரம் ஒருவர் பொறுமையாகக் கேட்டதில் அம்மாவின் படபடப்பு குறைகிறது. அம்மா நிதானமானால் பிள்ளையும் பாதி நிதானமாகிவிடும். இது நிஜமான பலன்தான். உருண்டையால் வந்த பலன் இல்லை, அவ்வளவே.

படி 1: இது உடனே ஓட வேண்டிய விஷயமா?

எந்த மருத்துவ முறை என்று யோசிப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. கீழே சொல்பவை இருந்தால் உருண்டை, கஷாயம், மந்திரிப்பு எதற்கும் நேரம் இல்லை. பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ குழந்தை மருத்துவரிடமோ போங்கள், வண்டி இல்லாவிட்டால் 108.

மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல். எந்த வயதிலும் வலிப்பு, எழுப்பினால் எழாத மயக்கம், பால் குடிக்க முடியாமை, குடித்ததையெல்லாம் கக்குவது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுவது. சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள்: இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். பேதியில் கண் உள்ளே போய், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகப் படிவது.

டெங்கு காலத்தில் இன்னொன்று. காய்ச்சல் விட்டதும் “மருந்து வேலை செய்துவிட்டது” என்று நிம்மதியாக இருப்போம். டெங்குவில் ஆபத்தான கட்டமே காய்ச்சல் இறங்கும் நாளிலிருந்துதான் ஆரம்பம். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, சோர்ந்து கிடப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

2017-ல் இத்தாலியில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். காதில் சீழ். ஆன்டிபயாடிக் கொடுக்காமல் ஹோமியோபதி மட்டுமே கொடுத்ததில் கிருமி மூளைக்கு ஏறிவிட்டது. அவனைக் கொன்றது உருண்டை என்று சொல்ல முடியாது, கைவிட்டுப் போன நாட்கள்தான்.

படி 2: பதினைந்து நாள் நோட்டு

பத்து ரூபாய் நோட்டு ஒன்று வாங்குங்கள். மொபைலில் எழுதலாம்தான், ஆனால் பாட்டியும் எழுத வேண்டும், அதனால் நோட்டே வசதி.

பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் ‘முன்னால் என்ன நடந்தது’, நடுவில் ‘பிள்ளை என்ன செய்தது’, கடைசியில் ‘பிறகு நாம் என்ன செய்தோம்’. “ரொம்ப சேட்டை செய்தான்” என்று எழுதினால் பயனில்லை. “மாலை 6:10. டிவியை அணைத்தேன். ரிமோட்டைத் தூக்கி எறிந்தான், தங்கச்சியைக் கடித்தான். பத்து நிமிடம் கத்தினான். மறுபடி போட்டுவிட்டேன்” என்று எழுதுங்கள். பத்து நாள் கழித்துப் புரட்டினால், மாலை ஆறு மணிக்கு மேல்தான் எல்லாம் நடக்கிறது, மத்தியானம் சரியாகச் சாப்பிடாத நாளில் நடக்கிறது, கத்தினால் டிவி திரும்பி வருகிறது என்று நோட்டே பேசும்.

அதே நோட்டில் இவையும் வரட்டும்: எத்தனை மணிக்குத் தூங்கினான், குறட்டை உண்டா, வாயைத் திறந்து தூங்குகிறானா, எத்தனை நாளுக்கு ஒருமுறை மலம் கழிக்கிறான், எத்தனை டம்ளர் பால், எவ்வளவு நேரம் மொபைல், சாப்பாடு இல்லாத எதைத் தின்கிறான், எதற்குப் பயப்படுகிறான், பள்ளியிலும் இப்படியா வீட்டில் மட்டுமா. ஹோமியோபதி மருத்துவர் ஒரு மணி நேரம் கேட்டதன் சாரம் இதுதான். எந்த டாக்டரிடம் போனாலும் இந்த நோட்டு ஐந்து நிமிடத்தை இருபது நிமிடமாக்கும்.

படி 3: உடம்பைச் சரிபார்ப்பது

குணம் என்று நாம் நினைப்பதில் நிறைய, உண்மையில் உடம்பு. இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

இரும்புச்சத்தில் ஆரம்பியுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. சிடுசிடுப்பு, கவனமின்மை, சோர்வு, பசியின்மை எல்லாம் இதில் வரும். சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எங்கள் பையன் விஷயத்தில் குற்றவாளி பால். சோறு தின்பதில்லையே என்று நாளைக்கு முக்கால் லிட்டர் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாலில் இரும்பு மிகக் குறைவு, வயிற்றை நிரப்பி மற்ற சாப்பாட்டையும் தள்ளிவிடும். அரை லிட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முருங்கைக்கீரை, ஈரல், ஆட்டுச் சுவரொட்டி, பேரீச்சை எல்லாம் நல்லதுதான். ஆனால் எட்டில் இருக்கும் ஹீமோகுளோபினைக் கீரையால் மட்டும் பதினொன்றாக்க முடியாது, சிரப் வேண்டும். டாக்டர் சொன்ன அளவை எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள், பாலோடும் டீயோடும் வேண்டாம். பல் கறுக்கும், அதனால் நாக்கின் பின்பக்கமாக விட்டு வாயைக் கொப்பளிக்க வையுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும், பலரும் இங்கேதான் விட்டுவிடுகிறோம். சிரப் பாட்டிலைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. சுவர்ச் சுண்ணாம்போடு பழைய பெயின்ட்டையும் தின்கிற பிள்ளைக்கு ஈயப் பரிசோதனையும் கேளுங்கள்.

அடுத்து பூச்சி. மூக்கை நோண்டுவான், பல்லை நறநறவென்று கடிப்பான், கோபக்காரன் என்றால் ஹோமியோபதியில் ‘சினா’ கொடுப்பது வழக்கம். நம் வீடுகளிலும் பல்லைக் கடித்தால் பூச்சி என்பார்கள். பல்லைக் கடிப்பது பூச்சி இல்லாத பிள்ளைகளிடமும் சகஜம். பூச்சி உண்மையிலேயே இருந்தால் சினா அதைத் தொடாது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே மாத்திரை, ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் அதில் பாதி. தேசியக் குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசமாகத் தருகிறார்கள். இரவில் ஆசனவாய் அரித்து அழுதால் கீரிப்பூச்சியாக இருக்கும். அதற்கு வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை சாப்பிட வேண்டும். கொக்கிப்புழு வெறுங்காலில் ஏறி ரத்தத்தை உறிஞ்சும், அதனால் செருப்பும் மருந்துதான்.

மலச்சிக்கலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வலிக்கும் என்று பிள்ளை அடக்கி வைக்கும், கட்டியாகச் சேர்ந்தது சிறுநீர்ப்பையை அழுத்தும், படுக்கை நனையும். சில பிள்ளைகளுக்கு ஜட்டியில் அடிக்கடி கறை படியும். வேண்டுமென்றே செய்கிறான் என்று அடிப்போம். அவனுக்கு அது தெரியவே தெரியாது.

படுக்கையை நனைப்பது ஐந்து வயதுவரை இயல்பு. அதற்கப்புறமும் பெரும்பாலும் வளர வளரச் சரியாகும். ஆனால் மாதக்கணக்கில் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி ஆரம்பித்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, மெலிந்துகொண்டே போனால் அன்றைக்கே இரத்தச் சர்க்கரை பாருங்கள். குழந்தைகளின் சர்க்கரை நோய் அப்படித்தான் தலைகாட்டும். இன்சுலின் இல்லாமல் சில நாளில் மோசமாகிவிடும்.

கூப்பிட்டால் திரும்பாதவனுக்குக் காது. சளி அடிக்கடி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக் கேட்கும் திறன் மங்கும், வெளியே சீழே தெரியாது. கரும்பலகையைப் பார்த்து எழுதாதவனுக்குக் கண். இரவெல்லாம் குறட்டை விட்டு வாயைத் திறந்தே தூங்குகிறவனுக்கு மூக்கடிச் சதை (அடினாய்டு). தூக்கம் கெட்ட பெரியவர்கள் மந்தமாவார்கள், பிள்ளைகளோ தறிகெட்டு ஓடுவார்கள். பகல் முழுக்கக் குதிக்கிற ஒரு பிள்ளையின் மருந்து காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் இருக்கலாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஐந்து பத்து விநாடி வெறித்துப் பார்த்து, இமை துடித்து, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி தொடர்கிறானா? ஒரு நாளில் பல முறை? “கிளாஸில் கனவு காண்கிறான்” என்று டீச்சர் எழுதி அனுப்புவார். அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். மொபைலில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள், அது எந்த விளக்கத்தையும்விட மேல்.

படி 4: தூக்கம், திரை, தட்டு

முழுமையான பராமரிப்பு என்கிற பெரிய பெயருக்குள் எனக்கு உறுதியாகப் பலன் தெரிந்தது இந்த மூன்றும்தான். மூன்று நாலு வயதுக்கு ஒரு நாளைக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும், பகல் தூக்கமும் சேர்த்து. பள்ளி வயதில் ஒன்பது முதல் பன்னிரண்டு. அப்பா கடையடைத்து வரும்வரை பிள்ளையை விழிக்க வைத்து, காலை ஆறரைக்கு வேனுக்கு எழுப்புகிற வீட்டில் இந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்? எங்கள் வீட்டில் இரவு அப்பா விளையாட்டைக் காலை இருபது நிமிடமாக மாற்றினோம்.

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நாலு வயதுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. மொபைலைக் காட்டிச் சோறு ஊட்டுவதை நிறுத்தினால் முதல் வாரம் நரகம்தான், பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவது வாரம் பசித்து வருவான்.

இயற்கை என்பதாலேயே ஒன்று பாதுகாப்பாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்க வேண்டாம், பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வர வாய்ப்பு உண்டு. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட வேண்டாம், நுரையீரலுக்குள் போய்த் தங்கும். பாட்டியிடம் இதைச் சொல்லும் வேலையை நான் என் கணவரிடம் விட்டுவிட்டேன்.

படி 5: அடத்தைக் கையாள்வது

மளிகைக் கடை. மேல் தட்டில் தொங்கும் சிப்ஸ் சரம். “வேணும்.” வேண்டாம் என்கிறீர்கள். தரையில் புரள்கிறான். அண்ணாச்சி பார்க்கிறார், பின்னால் நிற்கும் அக்கா “பாவம், வாங்கிக் கொடும்மா” என்கிறார். வாங்கிக் கொடுத்துவிடுகிறீர்கள். பிள்ளை என்ன படித்துக்கொண்டது? புரண்டால் கிடைக்கும், ஆனால் கொஞ்ச நேரம் புரள வேண்டும்.

ஒன்று, முதலிலேயே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசிவரை கொடுக்காதீர்கள். நடுவில் விட்டுக்கொடுப்பதுதான் அடத்தை வளர்க்கும் உரம். கடைக்குக் கிளம்பும் முன்பே “இன்றைக்கு அரிசியும் சோப்பும் மட்டும். சோப்பை நீதான் எடுத்துக் கொடுக்கணும்” என்று வேலை கொடுங்கள். புரண்டால் பத்திரமான இடத்தில் நின்று பேசாமல் காத்திருங்கள். அடங்கியதும் பாடம் எடுக்காமல் கையைப் பிடித்து நடங்கள். கண்டுகொள்ளாமல் விடத் தொடங்கிய முதல் சில நாளில் அழுகை கூடும், அது எதிர்பார்த்ததுதான். கடிப்பது, அடிப்பது, சாலைக்கு ஓடுவது இவற்றை மட்டும் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. உடனே தடுத்து, இரண்டு வார்த்தையில் சொல்லி, இடத்தை மாற்றுங்கள்.

தினம் பத்து நிமிடம் பிள்ளை சொல்கிற விளையாட்டை, பிள்ளை சொல்கிற விதத்தில், மொபைல் இல்லாமல் விளையாடுங்கள். திருத்தம் கூடாது. பாராட்டும்போது “சமத்து” என்று பொதுவாகச் சொல்லாமல் “தங்கச்சிக்குப் பந்தைக் கொடுத்தியே” என்று செய்ததைச் சொல்லுங்கள். கட்டளை ஒரு நேரத்தில் ஒன்று: “குளிச்சிட்டு, தலை சீவி, பையை எடுத்துட்டு வா” என்பது மூன்று கட்டளை, முதலாவதிலேயே அவன் சோப்பு நுரையோடு விளையாடிக்கொண்டிருப்பான். அடிக்காதீர்கள். அடி அந்த நிமிடம் அடக்கும், அடிக்கவும் கற்றுக்கொடுக்கும்.

இப்படி எட்டு பத்து வாரம் வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். அம்மா மறுத்ததைத் தாத்தா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் கணக்கு முதலிலிருந்து.

படி 6: நிபுணர் எப்போது?

ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டாதது, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, பேசிய சொற்கள் மறைந்துபோவது. இதற்கு “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்ற பதிலை ஏற்காதீர்கள். ஆட்டிசத்துக்கு எந்த உருண்டையும் இல்லை. ஆறு மாதம் உருண்டை கொடுத்துப் பார்ப்போம் என்றால் பேச்சுப் பயிற்சிக்கு மிக ஏற்ற ஆறு மாதம் போய்விடும்.

கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு என்று சொல்ல வேண்டுமானால் அது வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது, ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஆறு வயதுக்குள் என்றால் முதல் சிகிச்சையே பெற்றோருக்கான பயிற்சிதான், முந்தைய படியில் சொன்னதன் முறையான வடிவம். அதற்கு மேல் தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. மாத்திரை என்றதும் பயந்து ஓடி உருண்டைக்கு வருகிறவர்கள் அதிகம். பயத்தை மருத்துவரிடமே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். அவர்கள் அனுப்புகிற இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். காது, கண், பேச்சு, மனநலம் எல்லாம் ஒரே கூரையின் கீழ், இலவசமாக. வழி தெரியாவிட்டால் 104-க்கு அழைத்துக் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416.

படி 7: இத்தனைக்கும் பிறகு ஹோமியோபதி பார்க்க வேண்டுமென்றால்

மாமியார் சொல்லலாம், உங்களுக்கே ஆசை இருக்கலாம். படி 1 முதல் 6 வரை முடித்திருந்தால் நான் தடுக்கப் போவதில்லை. சில நிபந்தனைகள் மட்டும்.

பி.எச்.எம்.எஸ். என்ற ஹோமியோபதிப் பட்டப் படிப்பு படித்து மாநில ஹோமியோபதிக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு அது, மதுரை பக்கம் திருமங்கலத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. புத்தகம் பார்த்து மருந்து கொடுக்கும் பக்கத்துத் தெரு அங்கிள் வேண்டாம்.

மருந்தின் பெயரும் வீரியமும் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பெயரில்லாத பொட்டலத்தைப் பிள்ளை வாயில் போடாதீர்கள். ‘30 சி’ போலப் பல முறை கரைத்ததில் ஒன்றும் இல்லை, சரி. ஆனால் தாய்த் திரவத்திலும் (கரைப்பதற்கு முந்தைய மூலச் சாறு) குறைந்த வீரியத்திலும் மூலப்பொருள் உண்மையாகவே இருக்கும், சாராயமும் இருக்கும். பல் முளைக்கும் குழந்தைகளுக்கான ஹோமியோபதி மாத்திரைகளைச் சோதித்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் சத்து மாத்திரைக்கு மாத்திரை ஏறுக்குமாறாக, சிலவற்றில் அட்டையில் சொன்னதைவிட மிக அதிகமாக இருந்ததை 2017-ல் வெளியிட்டது.

“இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் இது வேலை செய்யும்” என்று சொன்னால் அந்தக் கதவை அப்படியே சாத்திவிட்டு வாருங்கள். வலிப்பு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், இன்சுலின், தைராய்டு மாத்திரை எதையும் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. தடுப்பூசிக்குப் பதிலாக உருண்டை என்றாலும் அதே பதில். அம்மை, தொண்டை அடைப்பான், கக்குவானைத் தடுக்கும் உருண்டை உலகில் இல்லை.

காய்ச்சலுக்கு பாராசிட்டமாலை மறுக்காதீர்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். அட்டையைப் படியுங்கள். ஐந்து மில்லியில் 120 உள்ள சிரப்பும் 250 உள்ள சிரப்பும் ஒரே மாதிரிப் பாட்டிலில்தான் வருகின்றன. பேதிக்கு ஓஆர்எஸ், ஆறு மாதத்துக்கு மேல் உள்ள பிள்ளைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம் 14 நாள். இவை எந்த உருண்டையோடும் சண்டை போடாது.

மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: “முதலில் கூடும், அப்புறம் குறையும். கூடினால் மருந்து வேலை செய்கிறது.” குறைந்தால் மருந்தால், கூடினாலும் மருந்தால் என்றால் எப்போதுதான் மருந்து தோற்கும்? பிள்ளைக்குக் கூடினால் அது கூடியதுதான். எங்கள் சுவர்ப் பள்ளம் பெரிதானபோது எனக்குச் சொல்லப்பட்டதும் இதே வாக்கியம்தான். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதனால் ஆரம்பிக்கும் அன்றே நோட்டில் ஒரு தேதி போடுங்கள். ஆறு வாரத்துக்கு மேல் வேண்டாம். எது குறைய வேண்டும் என்பதை எண்ணாக எழுதுங்கள்: வாரத்தில் ஐந்து முறை படுக்கை நனைகிறது, இரண்டாக வேண்டும். அந்தத் தேதியில் எண்ணிப் பாருங்கள். குறையவில்லை என்றால் டப்பாவை ஓரம் வைத்துவிட்டு, நோட்டையும் தடுப்பூசி அட்டையையும் இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள். உருண்டை கொடுத்ததை அவரிடம் மறைக்காதீர்கள், சீட்டோடு காட்டுங்கள். திட்டுவார் என்று நினைத்தேன். எங்கள் டாக்டர் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சுவரைச் சுரண்டுறான்னு இவர்கிட்ட சொன்னீங்க, என்கிட்ட ஏன் சொல்லலை?” என்று மட்டும் கேட்டார். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை.